புளோரிடா 2000: உண்மையில் ஜெயித்தது யார்?

கேள்வி இது: "2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் புளோரிடா மறுஎண்ணிக்கையை உச்ச நீதிமன்றம் நிறுத்தாமல் விட்டிருந்தால் அல் கோர் ஜெயித்திருப்பாரா? புஷ் திருடித்தான் ஜெயித்தார் என்கிறார்களே, உண்மையா?"

முதலில் நேரடியான பதில். நீதிமன்றம் நிறுத்திய அந்த எண்ணிக்கை, உத்தரவில் இருந்தபடியே நடந்து முடிந்திருந்தால் பெரும்பாலும் புஷ்தான் ஜெயித்திருப்பார். மாகாணம் முழுவதும் தள்ளுபடியான எல்லாச் சீட்டுகளையும் எடுத்துக் கையால் எண்ணியிருந்தால் கோர் மயிரிழையில் முந்தியிருப்பார். ஓட்டுச்சாவடிக்குள் போனவர்கள் யாருக்குப் போடலாம் என்று நினைத்துப் போனார்கள் என்று கேட்டால், அதிலும் கோர்தான், அதுவும் ஆயிரக்கணக்கில். ஆக இது மூன்று கேள்வி. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோர் ஜனநாயகக் கட்சி வேட்பாளர், ஜார்ஜ் புஷ் குடியரசுக் கட்சி வேட்பாளர். அமெரிக்காவில் அதிபரைத் தேர்ந்தெடுக்க மாகாணத்துக்கு இத்தனை தேர்வாளர்கள் என்று கணக்கு. மொத்தம் 538, அதில் 270 கிடைத்தவர் அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா இரண்டைத் தவிர மற்ற மாகாணங்களில் ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் அந்த மாகாணத்தின் தேர்வாளர்கள் மொத்தமும் அவருக்கே. புளோரிடாவுக்கு அப்போது 25. மற்ற மாகாணங்களின் கணக்கு முடிந்தபோது, புளோரிடா யாருக்கோ அவரே அதிபர் என்று ஆகிவிட்டது. நாடு முழுக்கக் கூட்டினால் கோர் சுமார் 5 லட்சத்து 40 ஆயிரம் ஓட்டு முன்னணியில் இருந்தார். சட்டப்படி அதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

இதைவிட முக்கியமான விஷயம், தேர்தலை யார் நடத்துகிறார்கள் என்பது. நாடு முழுமைக்கும் தேர்தல் நடத்தும் ஆணையம் என்று ஒன்று அங்கே கிடையாது. மாகாணம்கூட அதை நேரடியாக நடத்துவதில்லை. புளோரிடாவில் 67 கவுண்டிகள், நம் ஊர் மாவட்டம் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேர்தல் அதிகாரி. அவர்களில் ஏறக்குறைய எல்லோருமே தேர்தலில் நின்று ஜெயித்து வந்தவர்கள். ஓட்டுச்சீட்டின் வடிவம், எந்த எந்திரம், கெட்டுப்போன சீட்டை என்ன செய்வது என்பதெல்லாம் பெருமளவு அந்தந்தக் கவுண்டியின் கையில். ஓரிடத்தில் அட்டையில் ஊசியால் ஓட்டை போடுவார்கள், இன்னோரிடத்தில் பேனாவால் நிரப்பி ஸ்கேன் செய்வார்கள். ஒரு சின்னக் கவுண்டியில் காகிதச் சீட்டைக் கையாலேயே எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரே தேர்தல் என்று பெயர். நடந்தது 67 தேர்தல்.

நவம்பர் 7 இரவு நடந்த கூத்தைப் பலரும் எழுதிவிட்டார்கள், வேகமாகக் கடந்துவிடுகிறேன். மாலை எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தொலைக்காட்சிகள் புளோரிடா கோருக்கே என்று அறிவித்தன. மாகாணத்தின் மேற்கு ஓரம் ஒரு மணி நேரம் பின்தங்கிய நேர மண்டலத்தில் இருப்பதால், அங்கே இன்னும் ஓட்டுப்பதிவே முடியவில்லை. பத்து மணிவாக்கில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதிகாலை இரண்டேகாலுக்கு ஃபாக்ஸ் முதலில் புஷ் ஜெயித்தார் என்றது, மற்றவையும் பின்னாலேயே போயின. ஃபாக்ஸில் அந்த முடிவெடுக்கும் மேசையில் இருந்தவர் ஜான் எல்லிஸ், புஷ்ஷின் சொந்த அத்தை மகன். அதே இரவில் வொலூஷியா கவுண்டியில் சில நூறு வாக்காளர்களே உள்ள ஒரு சாவடியின் கணக்கு கோருக்கு மைனஸ் 16,022 என்று பதிவாகியிருந்தது. கோர் புஷ்ஷுக்குப் போன் போட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டார். நாஷ்வில்லில் மேடையேறப் போகும் நேரத்தில் வித்தியாசம் கரைகிறது என்று தெரிந்து, மறுபடி போன் போட்டு அதை வாபஸ் வாங்கினார்.

முதல் எண்ணிக்கையில் புஷ் 1,784 ஓட்டு முன்னிலை. வித்தியாசம் அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எந்திரத்தில் மறுபடி எண்ண வேண்டும் என்பது அங்கே சட்டம். அப்படி எண்ணியதில் 327 ஆகக் குறைந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த தபால் ஓட்டுகளைச் சேர்த்ததும் 930. கடைசியில் நவம்பர் 26 அன்று சான்றளிக்கப்பட்ட எண்: புஷ் 29,12,790, கோர் 29,12,253. வித்தியாசம் 537. அந்தச் சீட்டில் இருந்த மற்ற எட்டு வேட்பாளர்களில் ஒவ்வொருவரும் 537-க்கு மேல் வாங்கியிருந்தார்கள், பெயரே கேள்விப்படாத சோஷலிசக் கட்சிக்காரர்கள் உட்பட. "நேடர்தான் கோரைக் கவிழ்த்தார்" என்று ரால்ஃப் நேடரின் 97,488 ஓட்டைக் காட்டி இன்றும் திட்டுகிறவர்கள் உண்டு. கணக்குப்படி சரிதான். ஆனால் கோர் தன் சொந்த மாகாணமான டென்னசியில் ஜெயித்திருந்தாலே புளோரிடா தேவைப்பட்டிருக்காது.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த மாகாணத்தில் சுமார் 1,75,000 சீட்டுகளில் அதிபருக்கான ஓட்டு கணக்கில் சேரவில்லை. இவை இரண்டு வகை. ஒன்று, எந்திரத்துக்கு எந்த ஓட்டுமே தெரியாத சீட்டுகள். இவற்றை அண்டர்வோட் என்பார்கள். ஏறக்குறைய 61,000. இன்னொன்று, ஒன்றுக்கு மேற்பட்ட வேட்பாளருக்குக் குறி விழுந்த சீட்டுகள், ஓவர்வோட். இவை ஏறக்குறைய 1,14,000. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உலகமே பார்த்த காட்சி முதல் வகையைப் பற்றியது. ஓட்டை போடும் அட்டையில் துண்டு முழுசாக விழாமல் ஒரு மூலையில் தொங்குகிறதா, லேசாகப் பள்ளம் மட்டும் விழுந்திருக்கிறதா, வெளிச்சம் தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த அதிகாரிகளின் படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. இரண்டு கட்சி வக்கீல்களும் அதற்காகவே அடித்துக்கொண்டார்கள். என் பார்வையில் அந்தச் சண்டை கிட்டத்தட்ட வீண். தேர்தலின் முடிவு ஒளிந்திருந்தது இரண்டாவது குவியலில். அதை எண்ணச் சொல்லி முறையாக யாருமே கேட்கவில்லை.

அந்தக் குவியல் எப்படி உருவானது என்று பார்த்தால்தான் இந்தக் கதை புரியும். பாம் பீச் கவுண்டியிலிருந்து தொடங்கலாம். 1998-ல் புளோரிடா தன் அரசியல் சாசனத்தைத் திருத்திச் சிறு கட்சிகள் சீட்டில் இடம்பெறுவதை எளிதாக்கியது. விளைவு, 2000-ல் அதிபர் பதவிக்குப் பத்து வேட்பாளர்கள். பாம் பீச்சில் வயதானவர்கள் அதிகம். எழுத்தைச் சிறிதாக்கினால் அவர்களுக்குப் படிக்கச் சிரமம் என்று நினைத்த தேர்தல் அதிகாரி தெரசா லெபோர், பெரிய எழுத்தில் பெயர்களை எதிரெதிர்ப் பக்கங்களில் பிரித்துப் போட்டு, ஓட்டைகளை நடுவில் ஒரே வரிசையில் வைத்தார். அதுதான் பட்டாம்பூச்சிச் சீட்டு. ஆளுநரின் கட்சி வேட்பாளர் பெயர் முதலில் வரவேண்டும் என்பது மாகாண விதி. ஆளுநர் ஜெப் புஷ், வேட்பாளரின் தம்பி. எனவே இடது பக்கம் முதலில் புஷ், இரண்டாவதாகக் கோர். ஆனால் ஓட்டை வரிசையில் முதலாவது புஷ்ஷுக்கு, இரண்டாவது வலது பக்கத்தில் இருந்த பேட் புக்கானனுக்கு, மூன்றாவதுதான் கோருக்கு. பட்டியலில் இரண்டாவதாக இருப்பவருக்கு இரண்டாவது ஓட்டையைக் குத்தினால் ஓட்டு புக்கானனுக்குப் போய்விடும்.

புக்கானன் தீவிர வலதுசாரி. இரண்டாம் உலகப் போர், ஹிட்லர் பற்றி அவர் எழுதியவற்றால் யூதர்கள் பலர் அவரை அறவே வெறுத்தார்கள். யூத முதியவர்கள் நிறைந்த, ஜனநாயகக் கட்சியின் கோட்டையான பாம் பீச்சில் அவருக்கு 3,407 ஓட்டு. அதைவிட மக்கள்தொகை அதிகமுள்ள பக்கத்துக் கவுண்டியான ப்ரோவார்டில் அவருக்கு 800-கூட வரவில்லை, மயாமி-டேடில் 600-கூட வரவில்லை. இதற்கு இன்னும் கறாரான சான்றும் உண்டு. பாம் பீச்சில் தபாலில் ஓட்டுப் போட்டவர்களுக்குப் பட்டாம்பூச்சி வடிவம் கிடையாது, சாதாரணப் பட்டியல். தபால் ஓட்டில் புக்கானன் வாங்கிய சதவீதத்தைப் போல நான்கு மடங்கு, நேரில் போட்டவர்களிடம் வாங்கியிருந்தார். ஊரும் ஒன்று, வேட்பாளரும் ஒருவர்தான், சீட்டின் வடிவம் மட்டும் வேறு. தேர்தல் ஆய்வாளர்கள் போட்ட கணக்கில், கோருக்குப் போட வந்து புக்கானனுக்குப் போட்டவர்கள் 2,000-க்கும் மேல். அந்த ஓட்டுகளில் பெரும்பாலானவை தனக்கு வந்திருக்க முடியாது என்று புக்கானனே பேட்டியில் சொன்னார்.

இது தவறாகக் குத்தியவர்கள் கதை. தவறு தெரிந்ததும் பதறிப்போய்ச் சரியான ஓட்டையையும் சேர்த்துக் குத்தியவர்கள் இன்னும் அதிகம். பாம் பீச்சில் மட்டும் 19,000-க்கும் மேற்பட்ட ஓவர்வோட்கள். அவற்றில் 5,000-க்கும் மேல் கோர், புக்கானன் இருவருக்கும் ஓட்டை விழுந்தவை. இவற்றை எத்தனை முறை கையால் எண்ணினாலும் பயனில்லை, சீட்டில் இரண்டு ஓட்டை இருக்கிறது, அவ்வளவுதான். மறுவாக்குப்பதிவு கேட்டு வழக்குப் போட்டார்கள், நீதிமன்றங்கள் மறுத்துவிட்டன. லெபோர் அப்போது ஜனநாயகக் கட்சிக்காரர் என்பதையும் சொல்ல வேண்டும். மாதிரிச் சீட்டைத் தேர்தலுக்கு முன்பே இரண்டு கட்சிகளுக்கும் அனுப்பினார், பத்திரிகையிலும் வந்தது. அதைப் பார்த்த எந்தக் கட்சிக்காரரும் வாய் திறக்கவில்லை. சதி என்று இதில் எதுவும் இல்லை. வயதானவர்களுக்கு உதவி செய்யப் போய் வந்த வினை.

பாம் பீச்சுக்குக் கிடைத்த விளம்பரம் டூவலுக்குக் கிடைக்கவில்லை. ஜாக்சன்வில் நகரம் இருக்கும் கவுண்டி அது. அங்கே பத்து வேட்பாளர்களையும் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் போட்டார்கள். முன்பே வெளியிட்ட மாதிரிச் சீட்டிலோ எல்லாப் பக்கத்திலும் ஓட்டுப் போடும்படி வழிகாட்டுதல் இருந்தது. சொன்னபடி கேட்டு முதல் பக்கத்தில் ஒருவருக்கும் அடுத்த பக்கத்தில் ஒருவருக்கும் குத்தியவர்களின் ஓட்டெல்லாம் செல்லாமல் போயிற்று. சுமார் 22,000 ஓவர்வோட்கள். கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் இது மிக அதிகம். முதல் முறையாக ஓட்டுப் போட வந்தவர்களை அந்த ஆண்டு அங்கே கட்சியும் தேவாலயங்களும் திரட்டிக் கூட்டிவந்திருந்தன.

அப்புறம் கேட்ஸ்டன். மாகாணத்திலேயே கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக உள்ள ஒரே கவுண்டி. அங்கே ஏறக்குறைய 12 சதவீதம் சீட்டுகள் செல்லாதவை. ஒட்டியே இருக்கும் லியோன் கவுண்டியில், மாகாணத் தலைநகர் டல்லஹாசி இருக்கும் இடத்தில், ஒரு சதவீதத்துக்கும் கீழே. இரண்டு இடத்திலும் பேனாவால் நிரப்பி ஸ்கேன் செய்யும் முறைதான். லியோனில் ஸ்கேனர் சாவடியிலேயே இருந்தது. இரண்டு பேருக்குக் குறி போட்டால் சீட்டைத் திருப்பித் தள்ளும், வேறு சீட்டு வாங்கி மறுபடி போடலாம். கேட்ஸ்டனில் எல்லாவற்றையும் ஓரிடத்துக்குக் கொண்டுபோய் எண்ணினார்கள், ஆகவே தன் ஓட்டு செல்லவில்லை என்பது போட்டவருக்குக் கடைசிவரை தெரியாது. கறுப்பின வாக்காளரின் சீட்டு நிராகரிக்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு என்று அமெரிக்க சிவில் உரிமைகள் ஆணையம் 2001-ல் சொன்னது. எழுத்தறிவு இல்லை, கவனம் இல்லை என்று வாக்காளர் மேல் பழி போட்டவர்களுக்கு இந்த இரண்டு கவுண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே போதும்.

இந்தக் குவியலில் நிஜமாகவே மீட்கக்கூடிய ஓட்டுகளும் இருந்தன. கோருக்குக் குறி போட்டுவிட்டு, பட்டியலில் இல்லாதவர் பெயரை எழுதுவதற்கான இடத்திலும் "கோர்" என்று எழுதியவர்கள் பலர். புஷ்ஷுக்கும் அப்படிச் செய்தவர்கள் உண்டு. எந்திரம் இதை இரண்டு ஓட்டாகப் பார்த்துத் தள்ளிவிட்டது. வாக்காளரின் விருப்பம் தெளிவாகத் தெரிந்தால் ஓட்டு செல்லும் என்பது புளோரிடா சட்டம். கையில் எடுத்துப் பார்த்தால் இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

கோர் தரப்பு என்ன செய்தது? தங்களுக்குச் செல்வாக்குள்ள நான்கு கவுண்டிகளில் மட்டும் கையால் எண்ணச் சொன்னது: வொலூஷியா, பாம் பீச், ப்ரோவார்ட், மயாமி-டேட். அந்தக் கட்டத்தில் கவுண்டி கவுண்டியாகத்தான் கேட்க முடியும் என்பதும், அவகாசம் மிகக் குறைவு என்பதும் உண்மை. மாகாணம் முழுக்க எண்ணலாம் என்று நவம்பர் 15 அன்று கோர் தொலைக்காட்சியில் புஷ்ஷுக்கு ஒரு யோசனை சொன்னார், புஷ் மறுத்தார். ஆனால் அதை ஒரு சட்டபூர்வக் கோரிக்கையாகக் கோர் கடைசிவரை வைக்கவில்லை. "எல்லா ஓட்டையும் எண்ணுங்கள்" என்று மேடையில் முழங்கிவிட்டு, தனக்குச் சாதகமான நான்கை மட்டும் கேட்டது கொள்கையாகவும் தவறு, கணக்காகவும் தவறு என்பது என் கருத்து.

எண்ணிக்கைக்கு நேர்ந்த முட்டுக்கட்டைகள் தனிக் கதை. மாகாணச் செயலாளர் கேத்ரீன் ஹாரிஸ் ஒரே நேரத்தில் தேர்தல் தலைமைப் பொறுப்பிலும் புஷ்ஷின் புளோரிடா பிரசாரக் குழு இணைத்தலைவராகவும் இருந்தார். மறுபக்கம், மாகாண அட்டர்னி ஜெனரல் பாப் பட்டர்வொர்த் கோரின் பிரசாரக் குழுத் தலைவர். ஹாரிஸை மட்டும் பேசுகிறவர்கள் இவரை மறந்துவிடுகிறார்கள். கவுண்டிகள் கணக்கைக் கொடுக்க வேண்டிய கெடுவை ஹாரிஸ் நீட்டிக்க மறுத்தார்; மாகாண உச்ச நீதிமன்றம் நவம்பர் 26 மாலை வரை நீட்டித்தது. நவம்பர் 22 அன்று மயாமி-டேடில் எண்ணும் இடத்துக்கு வெளியே கோட்டும் டையுமாக வந்த குடியரசுக் கட்சி ஊழியர்கள் கூச்சல் போட்டார்கள், அன்றே அந்தக் கவுண்டி எண்ணிக்கையைக் கைவிட்டது. பாம் பீச் சுமார் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கணக்கைக் கொடுத்தது, ஹாரிஸ் வாங்கிக்கொள்ளவில்லை.

டிசம்பர் 8 அன்று மாகாண உச்ச நீதிமன்றம், நான்குக்கு மூன்று என்ற கணக்கில், மாகாணம் முழுவதும் அண்டர்வோட்களைக் கையால் எண்ணச் சொன்னது. மறுநாளே அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 12-ஆம் தேதி இறுதித் தீர்ப்பு. தொங்கும் துண்டை ஒரு கவுண்டி ஓட்டாக ஏற்கிறது, இன்னொன்று ஏற்கவில்லை, இது சமத்துவத்துக்கு விரோதம் என்பதில் ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் ஏதோ ஒரு வகையில் உடன்பட்டார்கள். அப்படியானால் ஒரே அளவுகோல் வைத்து எண்ணச் சொல்லலாமே என்றார்கள் அந்த ஏழில் இருவர். அதற்கு நேரமில்லை என்று ஐந்து பேர் முடித்துவிட்டார்கள். நேரம் போனதற்கு அவர்கள் போட்ட தடையும் ஒரு காரணம் என்பதுதான் வேடிக்கை. போதாததற்கு, இந்தத் தீர்ப்பின் தர்க்கம் இந்த வழக்குக்கு மட்டுமே என்ற பொருளில் ஒரு வரியையும் சேர்த்தார்கள். தன் தர்க்கத்தைத் தானே நம்பாத தீர்ப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மறுநாள் கோர் தோல்வியை ஏற்றார்.

இதற்குப் பிறகுதான் உங்கள் கேள்விக்கான ஆதாரம் வருகிறது. பெரிய பத்திரிகைகள் சேர்ந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வு நிறுவனத்தை வைத்து அந்த 1,75,010 சீட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கச் செய்தன. முடிவு 2001 நவம்பரில் வந்தது. கோர் கேட்ட நான்கு கவுண்டிகள் மட்டும் எண்ணப்பட்டிருந்தால் புஷ் 225 ஓட்டில் ஜெயிப்பார். மாகாண உச்ச நீதிமன்றம் சொன்னபடி அண்டர்வோட்களை மட்டும் எண்ணியிருந்தால் புஷ் 493. இரண்டு வகையையும் மாகாணம் முழுக்க எண்ணியிருந்தால் கோர் ஜெயிப்பார், துண்டு எவ்வளவு கிழிந்திருக்க வேண்டும் என்ற அளவுகோலை எப்படி மாற்றினாலும். ஆனால் வித்தியாசம் எந்த அளவுகோலிலும் 200-ஐத் தொடவில்லை. அறுபது லட்சம் ஓட்டில் இருநூறுக்குக் கீழே என்றால், எண்ணுகிற ஆள் மாறினாலே முடிவு மாறலாம். அதனால் "கோர்தான் நிச்சயமாக ஜெயித்தார்" என்று இந்த ஆய்வைக் காட்டி அடித்துச் சொல்கிறவர்களையும் நான் முழுக்க ஏற்க மாட்டேன்.

திருட்டு என்ற குற்றச்சாட்டுக்கு வலு சேர்ப்பது ஒன்றுதான்: நீக்கல் பட்டியல். தண்டனை பெற்ற குற்றவாளிகளுக்கு அப்போது புளோரிடாவில் ஆயுளுக்கும் ஓட்டுரிமை கிடையாது. அவர்களைக் கண்டுபிடிக்க மாகாணம் ஒரு தனியார் நிறுவனத்திடம் பட்டியல் கேட்டது. பெயர் ஏறக்குறைய ஒத்துப்போனாலே போதும் என்று தளர்வாகப் பொருத்தச் சொன்னது மாகாணமேதான். பட்டியலில் கறுப்பின மக்கள் விகிதத்துக்கு மீறி இருந்தார்கள். ஒரு கவுண்டியின் தேர்தல் அதிகாரிக்கே நீங்கள் குற்றவாளி என்று கடிதம் வந்தது. சில கவுண்டிகள் அந்தப் பட்டியலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டன, சில அப்படியே பயன்படுத்தின. தவறாக நீக்கப்பட்டவர்கள் ஓட்டுப் போட்டதாகவே பதிவாகாததால் எந்த மறுஎண்ணிக்கையும் அவர்களைத் திருப்பிக் கொண்டுவராது. இதோடு, தபால் முத்திரையோ சாட்சிக் கையெழுத்தோ இல்லாத வெளிநாட்டு ராணுவ ஓட்டுகளைக் குடியரசுக் கட்சி வலுவான கவுண்டிகள் ஏற்றதையும் சேர்த்துக்கொள்ளலாம். நியூயார்க் டைம்ஸ் பின்னர் ஆராய்ந்தபோது 2,490 ஓட்டுகளில் 680-ல் குறை இருந்தது. இவற்றைத் திட்டமிட்ட ஒரே சதியாகக் கோக்க எனக்கு மனம் வரவில்லை. நீக்கல் பட்டியலைப் பொறுத்தவரை, அந்த அலட்சியம் யார் மேல் விழும் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2001-ல் புளோரிடா ஓட்டை போடும் அட்டைகளை ஒழித்தது. 2002-ல் நாடாளுமன்றம் புது எந்திரம் வாங்க மாகாணங்களுக்குப் பணம் கொடுத்தது. பல கவுண்டிகள் தொடுதிரைக்கு ஓடின. 2006-ல் சரசோட்டா பகுதியில், பிறகு நாடாளுமன்ற உறுப்பினராகியிருந்த அதே கேத்ரீன் ஹாரிஸ் காலி செய்த தொகுதிக்குத் தேர்தல். சுமார் 18,000 பேரின் ஓட்டு அந்தப் போட்டியில் பதிவாகவில்லை, வித்தியாசமோ 369. திரையில் அந்தப் போட்டி வேறொரு பெரிய தலைப்புக்கு மேலே கண்ணில் படாமல் கிடந்ததுதான் காரணம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. காகிதமே இல்லாததால் திரும்ப எண்ண ஒன்றுமில்லை. 2007-ல் மாகாணம் சட்டம் போட்டு மறுபடி காகிதச் சீட்டுக்கு வந்தது. 2018-ல் செனட் தேர்தல். ப்ரோவார்டில் அந்தப் போட்டியைச் சீட்டின் இடது கீழ் மூலையில், நீளமான வழிமுறைகளுக்கு அடியில் போட்டார்கள். மாகாண அளவில் வித்தியாசம் 10,033. ப்ரோவார்டில் மட்டும் 25,000-க்கும் அதிகமான சீட்டுகளில் அந்த இடம் காலி. இந்த முறை காகிதம் இருந்தது, கையால் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் உண்மையிலேயே எந்தக் குறியும் இல்லை.